மிச்சம் பூஜ்யம் மைல்

காலை 10.55.

"ஐயையோ!"

அலறியது பிசியோதெரபிஸ்ட். முழங்காலில் ஐஸ் பையோடு மல்லாந்து கிடந்த பெண் இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்தார். ஓடும்போது தசைநார் கிழிந்து மூன்று வாரமாக விடுப்பில் இருப்பவர். சும்மா படுத்திருப்பது அவருக்குச் சிறைத்தண்டனை. அதனால் அலறல் கேட்டதும் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனால் வந்தது.

"என்ன டாக்டரம்மா? யாருக்கு என்ன?"

தெரபிஸ்ட்டின் கையில் இன்னும் ஜெல் ஒட்டியிருந்தது. அந்தக் கையாலேயே போனை நீட்டினாள். விமான நிறுவனத்திலிருந்து வந்த குறுஞ்செய்தி. 'உங்கள் மைல்கள் பயன்படுத்தப்பட்டன. மிச்சம்: 0.'

"நாலு வருஷம் சேர்த்தது மேடம். எங்கம்மாவோட டிக்கெட். யாரோ வழிச்சு எடுத்துட்டாங்க."

நாலு வருஷம் என்றால் சும்மா இல்லை. பால் பில், கரெண்ட் பில், கார் டயர், பக்கத்து வீட்டுக்காரரின் ஃபிரிட்ஜ் வரை எல்லாமே இவளுடைய ஒரே ஒரு கிரெடிட் கார்டில்தான் போகும். அதில் விழும் பாயின்ட்டுகளை ஒன்றுகூடச் செலவழிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். காரணம் வீட்டோடு சேர்ந்த அந்த கிளினிக்கின் உள்ளறையில் படுத்திருந்தது. முதுகுத்தண்டில் இரண்டு தகடு வைத்த அம்மா. அவளால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. கடல் தாண்டி இருக்கும் இளைய மகளிடம் போக வேண்டுமானால், படுத்துக்கொண்டே போகிற இருக்கை வேண்டும். அந்த இருக்கையைக் காசு கொடுத்து வாங்க இந்தக் குடும்பத்தால் முடியாது.

நேற்று மாலைதான் செய்தி வந்தது. இளையவளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை, நாளை மறுநாள். 'அம்மா முகத்தைப் பார்த்துட்டுத்தான் உள்ளே போவேன்' என்று அடம். உடனே கார்டு பாயின்ட்டுகளை எல்லாம், காசுக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுக்கும் விமான மைல்களாக மாற்றினார்கள். மாறி வந்து சேர ஒரு ராத்திரி ஆகும். காலையில் வந்து சேர்ந்தன. நோயாளிகளை முடித்துவிட்டு டிக்கெட் போடலாம் என்று இருந்தாள்.

"வரிக்குன்னு பணம்கூடத் தனியா எடுத்து வச்சிருக்கேன். மைல்ஸ்ல எடுத்தாலும் வரியைக் கையிலேர்ந்துதானே கட்டணும். அந்த சீட்டுக்கு அதுவே கண்ணைக் கட்டும்."

"கணக்கைத் திறந்து பார்த்தீங்களா?"

"பாஸ்வேர்டை மாத்திட்டாங்க. உள்ளேயே விடமாட்டேங்குது. வாடிக்கையாளர் சேவைக்காரங்க ஏழு வேலை நாள் ஆகும்கிறாங்க. இன்னிக்கு ராத்திரி விமானம் மேடம்! ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. சாயங்காலத்துக்குள்ள போடலைன்னா அதுவும் போயிரும்."

"டிக்கெட்டை ரத்து பண்ணா மைல் திரும்ப வருமா?"

"அந்த நிமிஷமே வரும். ஆனா உள்ளே போகணுமே!"

ஆக, திருடனைப் பிடித்தால் போதாது. புதுப் பாஸ்வேர்டோடு பிடிக்க வேண்டும், அதுவும் சாயங்காலத்துக்குள். இன்ஸ்பெக்டர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நொண்டியபடி நடக்க ஆரம்பித்தார். நடந்தால்தான் அவருக்கு மூளை ஓடும்.

"போன் எங்க இருந்தது?"

"ரிசப்ஷன் மேசையில, சார்ஜ்ல."

"ஓடிபி வந்தா பூட்டின திரையிலேயே தெரியுமா?"

"தெரியும். பழைய பாஸ்வேர்டும் வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஒளிக்கிற வழக்கமே இல்லையே எங்களுக்கு."

"அதான் வினை."

ரிசப்ஷனுக்குள் வர இரண்டே வழி. தெருப்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு. திறந்தால் மணி அடிக்கும். வீட்டிலிருந்து இறங்கும் உள்படிக்கட்டு, அதற்கு மணி கிடையாது. இன்ஸ்பெக்டர் படுத்த இடத்திலிருந்து மணியை எண்ணிக்கொண்டுதான் கிடந்தார், வேறு வேலை? வெளியாள் யாரும் வரவில்லை. மணி அடித்து வந்து போனவர்கள் இரண்டே பேர், இருவரும் இந்த இடத்து ஆட்கள்.

11.15. முதலில் ரிசப்ஷனிஸ்ட். நாற்பது வயது, வாய் ஓயாத பெண்மணி. இப்போது கேட்டதற்கு மட்டும்தான் பதில்.

"மேசையை விட்டு எப்ப போனீங்க?"

"உங்களுக்காகத்தாங்க போனேன். ஐஸ் தீர்ந்துபோச்சு. கடைக்குப் போயிட்டு வந்தேன். கால் மணி நேரம்."

"வெளிநாட்டுல உங்களுக்கு யாராவது?"

"பையன் படிக்கிறான். லீவுக்கு வரணும்னு அழறான், டிக்கெட்டுக்கு வழியில்லை." சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று புரிந்தது. "தெய்வத்து மேல சத்தியமா நான் இல்லைங்க. அம்மாவுக்கு நான்தான் பெட்டியே அடுக்கினேன்."

அடுத்தது தெரபிஸ்ட்டின் கணவன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ரிசப்ஷனிஸ்ட் இல்லாத அந்தக் கால் மணி நேரத்தில் கார் சாவி எடுக்க வந்து போயிருந்தான்.

"போனைத் தொட்டீங்களா?"

"அதிர்ந்துச்சு. யாருன்னு எடுத்துப் பார்த்தேன். ஏதோ நம்பர். வச்சுட்டேன்."

"மாமியார் போறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு கேள்விப்பட்டேன்."

"இந்த முதுகோட அனுப்பாதேன்னு சொன்னேன்தான். அதுக்காக மைல்ஸைத் திருடுவேனா? என்னங்க பேசுறீங்க!" மனைவி பக்கம் திரும்பினான். "நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?"

அவள் பார்வையைப் போன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதுதான் அவனைச் சுருக்கென்று குத்தியது. அவனுக்கு அழுகையே வரும் போலிருந்தது.

மூன்றாவது, கணவனின் தம்பி. மாடியில் குடியிருக்கிறான். வீட்டில் வைத்த பெயர் வேறு, எல்லோரும் கூப்பிடுவது மைல்ராஜா. எந்தக் கார்டில் எந்தக் கடையில் எத்தனை மடங்கு பாயின்ட், எந்தக் கார்டுக்கு வருடக் கட்டணம் கிடையாது, எல்லாம் நாக்கு நுனியில். பர்ஸில் ஒன்பது கார்டு. டீக்கடையில் நாலு பேர் குடித்தால், "நீங்க காசை எங்கிட்ட குடுங்க, நான் தேய்க்கிறேன்" என்பான். நேற்று ராத்திரி அண்ணியின் பாயின்ட்டுகளை மைல்களாக மாற்றிக் கொடுத்தவனும் அவனே.

இன்று காலையும், பத்து மணிக்கு முன்பு, இன்ஸ்பெக்டரிடமே வந்து நின்றான்.

"மேடம், உங்க ஃபீஸைக் காசா எங்கிட்ட குடுத்துருங்க. என் கார்டுல தேய்ச்சிடறேன். இவ்வளவு செலவு பண்ணினா பரிசுன்னு கார்டுல ஒரு டார்கெட். இன்னிக்குக் கடைசி நாள், டார்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் இடிக்குது."

இன்ஸ்பெக்டர் சுவரைக் காட்டினார். 'கார்டு மெஷின் ரிப்பேர். ரொக்கம் மட்டும்.'

"சே! நேரம் பார்த்துப் படுத்துருச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

இப்போது தூங்கி எழுந்த கண்களோடு எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"அதுக்கப்புறம் எங்க இருந்தே?"

"ரூம்லதான். தலைவலி மேடம், போய்ப் படுத்துட்டேன். அண்ணி கத்தினதுலதான் முழிப்பே வந்துச்சு."

"வெளிய போகலை? எதுவும் வாங்கலை?"

"பத்துப் பைசா செலவு பண்ணலை. படுக்கையை விட்டே எழுந்திரிக்கலை." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இது வெளிநாட்டு ஹேக்கருங்க வேலை மேடம். அண்ணிகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன், எல்லா பாயின்ட்டையும் ஒரே கார்டுல வைக்காதீங்க, பிரிச்சு வைங்கன்னு. கேட்டாத்தானே."

12.30. எதுவும் நகரவில்லை. தெரபிஸ்ட் இருபதாவது தடவையாகப் பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தாள். அவள் கணவன் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். இன்ஸ்பெக்டரின் ஊன்றுகோல் சத்தம் எல்லோருடைய நரம்பிலும் தட்டியது.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏன்டி இப்படி ஆளாளுக்குப் பறக்குறீங்க? சாதா டிக்கெட்டே எடு. நான் உக்காந்துக்கிட்டே போயிடறேன்."

"பதினோரு மணி நேரம்மா! தகடு நகர்ந்துச்சுன்னா அப்புறம் காலே வராது!"

"வரலைன்னா போகட்டும். அவளைப் பார்க்கணும்டி எனக்கு."

 ரிசப்ஷனிஸ்ட் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மைல்ராஜாவின் முகம் வெளிறிப்போய்விட்டது. அவன் மெல்ல எழுந்து அறைவாசலுக்குப் போனான்.

"அத்தே, ஏர்போர்ட்ல காத்திருக்கிற நேரமாவது கஷ்டப்படாதீங்க. லவுஞ்ச்ல சாஞ்சு படுத்துக்கலாம். எங்கிட்ட ரெண்டு பாஸ் இருக்கு, நீங்க வச்சுக்குங்க."

ஊன்றுகோல் சத்தம் நின்றது.

"தம்பி, காட்டு பார்ப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர். "பழசா, புதுசா? தேதி முடிஞ்சிருக்கப் போகுது."

"புத்தம் புதுசு மேடம்." போனை நீட்டினான். அந்த நிலையிலும் அவன் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. என்ன செய்ய, கூடப் பிறந்தது. திரையில் இரண்டு தங்க நிறச் சீட்டுகள். 'இலக்கை எட்டியதற்கு வாழ்த்துகள்.'

இன்ஸ்பெக்டர் போனைத் திருப்பித் தரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் நிம்மதியாக உட்கார்ந்தது அப்போதுதான்.

"எல்லாரும் இங்க வாங்க. தம்பி, நீயும் உக்காரு. காலையில எங்கிட்ட என்ன சொன்னே? டார்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் இடிக்குதுன்னே."

"ஆமா..."

"மெஷின் ரிப்பேர். என் ஃபீஸும் கிடைக்கலை. மேல போய்ப் படுத்துட்டே. பத்துப் பைசா செலவு பண்ணலை, படுக்கையை விட்டே எழலை. அப்புறம் உன்னை நான் கண்ணை விட்டு அகலவிடலை. சரியா?"

மைல்ராஜா தலையை ஆட்டினான்.

"அப்ப டார்கெட் எப்படி முடிஞ்சுது? தூக்கத்துல எதைத் தேய்ச்சே?"

"அது... கரெண்ட் பில் தானாக் கட்டிக்கிச்சு..."

"இந்த வீட்டுக் கரெண்ட் பில்லிலேர்ந்து பால் பில் வரைக்கும் உங்க அண்ணி கார்டுல போகுது. தப்பாச் சொல்றே. நானே சொல்லட்டுமா? மைல்ஸ்ல டிக்கெட் எடுத்தாலும் வரியைக் கையிலேர்ந்து கட்டணும். ஐஸ் வாங்க அந்தம்மா போச்சு. உங்கண்ணன் சாவியோட போனதும் நீ உள்படியில இறங்கி வந்து ஓடிபியைப் பார்த்தே. அண்ணி மைல்ஸ்ல டிக்கெட்டைப் போட்டே. வரியை வேற வழியில கட்டியிருந்தா நான் இன்னும் நொண்டிக்கிட்டே இருந்திருப்பேன். ஆனா உன்னால முடியலை. இவ்வளவு பெரிய தொகை, பாயின்ட் இல்லாமப் போறதா? உன் கார்டுல தேய்ச்சுட்டே." போனை அவன் பக்கம் திருப்பினார். "இல்லேன்னா, கடைசியாப் பண்ண செலவைத் திறந்து காட்டு. காட்டிட்டா உங்கிட்ட மன்னிப்பு கேட்கறேன்."

மைல்ராஜா போனைத் தொடவில்லை.

"யாருக்குடா எடுத்தே?" என்றான் அண்ணன்.

"பொண்ணோட அப்பாவுக்கு." அவனுக்கு நிச்சயம் ஆகியிருந்த பெண். "என் மைல்ஸ்லயே உங்களை ராஜா மாதிரி படுக்க வச்சு அனுப்புறேன்னு வாய் விட்டுட்டேன். ஊரெல்லாம் சொல்லிட்டாரு. இன்னிக்குள்ள டிக்கெட் வரலைன்னா மூஞ்சியில முழிக்க முடியாது."

"உன் மைல்ஸ் எங்கடா?"

"ஒன்பது கார்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் கிடக்கு. எதையும் எதோடயும் சேர்க்க முடியாது. பாதி காலாவதி ஆயிருச்சு." குனிந்தபடியே சொன்னான். "ஒரு டிக்கெட்டுக்குக்கூடத் தேறலைண்ணா."

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்" என்றது உள்ளறைக் குரல்.

தெரபிஸ்ட் கொழுந்தனின் முன்னால் வந்து நின்றாள். அடித்துவிடுவாள் என்றுதான் ரிசப்ஷனிஸ்ட் நினைத்தாள்.

"கேட்டிருந்தா வேற எப்பவாவது குடுத்திருப்பேனே. இன்னிக்கா? என் தங்கச்சியோட நெஞ்சைக் கிழிக்கப் போறாங்கடா. உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சேதானே எடுத்தே?"

"புகார் குடுத்தா மைல்ஸைத் திருப்பித் தந்துருவாங்கன்னு நினைச்சேன் அண்ணி. ஏழு நாள் ஆகும்னு..." அதற்கு மேல் முடியவில்லை. தேம்பி அழுதான்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கோ" என்றார் இன்ஸ்பெக்டர். "முதல்ல உன் வருங்கால மாமனாருக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல."

போட்டான். "மாமா... அந்த டிக்கெட் என் மைல்ஸ் இல்லை. எங்க அண்ணியோடது. கேட்காம எடுத்துட்டேன். ரத்து பண்றேன்." அந்தப் பக்கம் தொடர்பு அறுந்தது. கல்யாணம் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

1.40. அவனே கணக்கைத் திறந்தான், ரத்து செய்தான். மைல்கள் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தன. இரவு விமானத்தில் அந்த ஒற்றை இருக்கை இன்னும் இருந்தது. தெரபிஸ்ட் அதைத் தேர்ந்தெடுத்தாள். வரி கட்டும் பக்கம் வந்தது.

"அண்ணி, என் கார்டுல போட்டா அஞ்சு மடங்கு..."

நான்கு தலைகள் திரும்பின. அவன் வாயைப் பொத்திக்கொண்டான். தெரபிஸ்ட் தன்னுடைய ஒரே கார்டை எடுத்தாள். இடையில் கணவனைப் பார்த்து, "தப்பு என்மேலதான், உங்களைப் போய் நினைச்சேன்" என்றாள். அவன், "முதல்ல நம்பரை அடி, சீட்டு போயிரப் போகுது" என்றான்.

மேசைமேல் கிடந்த மைல்ராஜாவின் போன் அதிர்ந்தது. வரிப் பணம் திரும்பியதால் செலவு மறுபடி இலக்குக்குக் கீழே போய்விட்டதாம், பாஸ் இரண்டும் ரத்தாம். யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

எல்லோருடைய காதும் உள்ளறையில் இருந்தது. அம்மா போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கத்தோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அழாதேடி. வர்றேன். நீ எழுந்து எதுவும் பண்ணாதே, அப்படியே படுத்திரு. நானும் படுத்துக்கிட்டேதான் வர்றேன்."