வரைபடத்தில் விடுபட்ட அறை

மூடிய அறைக்குள் மகள் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். அதில் தப்பொன்றும் இல்லை. மழை பிடித்துக்கொண்ட விடுமுறை மதியத்தில் ஏழு வயதுப் பிள்ளை வேறு என்னதான் செய்யும். தப்பு, அவள் பேசிய வாக்கியத்தில் இருந்தது. "சோபாவின் இடது கை கிழிந்திருந்தது. கிழிசலை மறைக்கப் போட்ட துண்டுதான் அதை முதலில் காட்டிக்கொடுத்தது." நிறுத்தி நிறுத்தி, யாரோ சொல்லச் சொல்ல ஒப்பிப்பதுபோல.

பொடிசு இப்படிப் பேசுகிறவளே அல்ல. 'கிழிஞ்ச சோபா' என்பாள், அதோடு சரி. அது அவள் அம்மா நேற்று நோட்டில் எழுதிய வாக்கியம். நோட்டு மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. சாவி அம்மாவின் சட்டைப் பையில் இருக்கிறது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றது காதோடு ஒட்டியிருந்த கைப்பேசி.

"இருக்கேன், இருக்கேன். கேளுங்க."

மறுமுனையில் இருந்தவள் வானொலியில் புத்தக நிகழ்ச்சி நடத்தும் பெண். பேட்டிக்கு முன்னால் நாலு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தாள். "நகரத்துல நடக்கற மாயக்கதைன்னு ஆறு நாவல் எழுதிட்டீங்க. இதுக்கெல்லாம் விதை எங்கேர்ந்து வந்துச்சு?"

நாவலாசிரியைக்கு இந்தப் பதில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். எழுதுவதற்கு முன் பதினோரு வருடம் அவள் கட்டட வரைபடங்களுக்கு ஒப்புதல் தரும் அலுவலகத்தில் இருந்தாள். கையில் அளவு நாடா, கக்கத்தில் சுருட்டிய தாள், அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து அளந்துவிட்டு வரும் உத்தியோகம். ஒரு வீடு வெளியே அளந்தால் நாற்பது அடி இருந்தது, உள்ளே அறை அறையாக அளந்து கூட்டினால் முப்பத்துநாலுதான் வந்தது. ஆறடியைக் காணோம். வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டால் மனிதர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மேலதிகாரியோ, "உனக்கெதுக்கும்மா ஊர் வம்பு, கையெழுத்தப் போடு" என்றார். போட்டாள். அந்த ஆறடிக்குள் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்து எழுதியதுதான் முதல் நாவல்.

"வீட்டை நான் கற்பனையா எழுதறதே இல்ல" என்றாள். "நிஜ வீடு ஒண்ணப் பிடிச்சு, அளந்து, ஒரு அறை விடாம நோட்டுல எழுதிடுவேன். கதையில வராத அறையையும்தான். ஏன்னா என் கதையில வர்ற ஒண்ணு இருக்கே, அதுக்கு ஒரே ஒரு குணம். எழுதாம விட்ட இடத்துலதான் அது குடியேறும். ஒரு அறைய விட்டுட்டா போதும், அந்த அறை அதோடது. அதுக்குள்ள இருக்கற..."

மகளின் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்குள்ள இருக்கற?" என்றாள் வானொலிக்காரி, குரலில் சிரிப்போடு.

"அப்புறம் பேசறேன்மா."

கைப்பேசியை வைத்தாள். ஏழாவது நாவலுக்கு வீடு அமையவில்லை. பதிப்பாளர் தினமும் பிடுங்கி எடுத்தார். கடைசியில் ஆபத்துக்குப் பாவமில்லை என்று சொந்த வீட்டையே அளந்துவிட்டாள். கூடம், சமையலறை, குளியலறை, பெரியவர்கள் படுக்கும் அறை, துணி காயும் பால்கனி. பொடிசின் அறை வாசலில் நாடாவோடு நின்றபோது மட்டும் மனசு வரவில்லை. இந்தக் கண்றாவிக்குள் பிள்ளையை எதற்கு இழுப்பது என்று திரும்பி வந்து, 'கூடத்தின் வடக்கே வெறும் சுவர்' என்று எழுதிவிட்டாள். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக அன்றைக்கு ஒரு நிம்மதி வேறு. அடிப்பாவி.

'கதைதானே' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கூடத்தில் அந்தச் சொல் எடுபடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது, எதிர்க் கட்டடத்தின் மாடியில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம், சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் நனைந்த சுண்ணாம்பின் வாசனை, புதிதாகப் பூசிய சுவர் காயும்போது மூக்கின் அடியில் வந்து உட்காருமே அந்த வாசனை. இந்த வீட்டில் கொத்தனார் கால் வைத்து நாலு வருடம் ஆகிறது.

மகளின் அறைக்கதவைத் திறந்தாள். திறந்தது. அதுவரைக்கும் சரி.

பொடிசு கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து, அலமாரி நிற்கும் மூலையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டடி பேசற?"

"நான் பேசலம்மா. அது சொல்லுது, நான் திருப்பிச் சொல்றேன். வீடு பூரா அதுக்கு மனப்பாடம். இந்த ரூம் மட்டும் தெரியாதாம். நீ எழுதலையாம்."

அந்த மூலையை அம்மா பார்க்க முயன்றாள். பார்வை வழுக்கிக்கொண்டு பக்கத்துச் சுவருக்குப் போனது. இன்னொரு தடவை பார்த்தாள். மறுபடியும் சுவருக்கே போனது.

"எழுந்து வா செல்லம். கூடத்துல உக்காந்து படம் வரையலாம்."

"வர முடியலம்மா. முட்டுது."

"என்ன முட்டுது?"

பொடிசு கட்டிலை விட்டு இறங்கினாள், வெறுங்காலோடு வாசலுக்கு வந்தாள், திறந்து கிடக்கும் வாசலில் நெற்றி ணங்கென்று மோத நின்றாள். தேய்த்துக்கொண்டே அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள், பார்த்தாயா என்பதுபோல. அம்மா கையை நீட்டினாள். ஒரு சாண் போனது. அதற்கு மேல் ஈரம், சில்லிப்பு, சொரசொரப்பு. கண்ணுக்கு வாசல், கைக்குச் சுவர்.

இரண்டு கையாலும் குத்தினாள். தோளால் இடித்தாள். நிலையின் ஓரத்திலிருந்து வெள்ளை கசிய ஆரம்பித்தது, கூடத்துச் சுவரின் அதே வெள்ளை, அவசரமில்லாமல், நாலு பக்கமும் ஒரே அளவாக. நடுவில் மகளின் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அப்புறம் முகமும் இல்லை. வெறும் சுவர். ஆணி அடித்த தடம்கூட இல்லாத சுவர்.

மேசைக்கு ஓடினாள். இழுப்பறையைத் திறந்து, நோட்டைப் பிரித்து, 'வெறும் சுவர்' என்ற சொற்களை அடித்தாள், தாள் கிழியும் வரை அடித்தாள். சுவர் அசையவில்லை. எப்படி அசையும்? எழுதியதை அடித்தால் போகாது. ஆறு நாவலிலும் போனதில்லை. விட்டதை எழுதித்தான் ஆக வேண்டும், ஒன்று பாக்கி இல்லாமல். சட்டம் போட்டவளே அவள்தானே.

எழுதினாள். வடக்குச் சுவரில் ஒரு கதவு, மூன்றடி அகலம். உள்ளே பத்துக்கு ஒன்பதடி. கிழக்கே ஜன்னல், இரண்டு கண்ணாடி, ஒன்றில் கீறல். மஞ்சள் திரை. கட்டில் ஜன்னலோரம். ஒவ்வொரு வரிக்கும் சுவருக்குள் ஏதோ நகர்ந்தது, மரம் முனகியது, கண்ணாடி கிணுங்கியது. அலமாரி மேற்கு மூலையில். அலமாரிக்குள்... அலமாரிக்குள் என்ன இருக்கிறது? துணி எடுத்து வைப்பது அவள் வீட்டுக்காரர். அவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுபவர், மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் வீடு. 'ஊர்ல இருக்கற மாடிப்படி எத்தனைன்னு சொல்லுவா, நம்ம வீட்டு உப்பு எங்கன்னு கேட்டா முழிப்பா' என்று கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளே துணிகள், என்று எழுதினாள். அலமாரிக்குப் பின்னால் சுவர், என்று எழுதினாள்.

கதவு வந்துவிட்டது. நிறம், கைப்பிடி, எல்லாம் அதே. ஓடிப்போய்த் திறந்தாள்.

கட்டில் இருந்தது. திரை இருந்தது. பிள்ளை இல்லை.

எழுதவில்லையே.

தரையிலேயே உட்கார்ந்து நோட்டை முழங்கால்மேல் வைத்தாள். ஏழு வயது. தோள் வரை முடி. சிவப்புச் சட்டை... சிவப்பா? இன்றைக்கு என்ன போட்டிருந்தாள்? சற்று முன் பார்த்தாளே. சிவப்புத்தான். முழங்காலில் பிளாஸ்திரி, எந்தக் காலில்? கைப்பேசியைத் திறந்து படங்களைத் தள்ளினாள். தெரு. படிக்கட்டு. யாரோ ஒருவர் வீட்டுக் கதவு. பழைய விளக்குக் கம்பம், பல கோணங்களில், பதினாறு படம். மகளின் கடைசிப் படம் எட்டு மாதம் முந்தையது. பள்ளிச் சீருடை, மூடிய வாய்.

போன வாரத்தில் ஒரு பல் விழுந்தது. அது தெரியும். எந்தப் பல்? பொடிசு வந்து வாயைத் திறந்து காட்டினாள். 'அப்புறம் பாக்கறேன் கண்ணா, ஒரு பத்தி முடிச்சிடறேன்' என்றது இவள்தான். இந்த நகரத்தின் எந்தச் சந்தில் எத்தனை சாக்கடை மூடி என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, ஒன்பது அடிக்கு அந்தப் பக்கம் படுக்கும் பிள்ளையின் வாய் தெரியவில்லை.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். மறுபடி. மறுபடி. எங்கிருந்தோ தட்டும் சத்தம் கேட்டது, சின்னக் கை தட்டும் சத்தம். இரண்டு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு. இடைவெளி நீண்டது.

காத்திருக்க முடியவில்லை.

மேல்வரிசையில், இடது பக்கம், ஒரு பல் இல்லை. எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்தாள்.

"அம்மா."

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள் பொடிசு. சிவப்புச் சட்டை, தோள் வரை முடி. ஓடி வந்து மடியில் விழுந்தாள். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதாள், முத்தமிட்டாள், முடியைக் கோதினாள், இனிமேல் எழுதவே மாட்டேன் என்றாள், அழுகையோடு சிரித்தாள். மடியில் கனம் சரியாக இருந்தது. சூடு சரியாக இருந்தது.

கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரர்.

"என்ன, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசறேன். பயந்தே போயிட்டேன்."

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாயிடுச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பொடிசுக்கு எந்தப் பல்லுங்க விழுந்துச்சு?"

"இதுக்குத்தானா? கீழ்ப்பல்லு. வலது பக்கம். நான்தானே புடுங்கினேன். நீ பக்கத்துலதான் உக்காந்து எழுதிக்கிட்டிருந்த."

"மேல?"

"மேல ஒண்ணு ஆடக்கூட இல்லியே. ஏன்?"

மடியில் இருந்தவள் நிமிர்ந்து சிரித்தாள். மேல்வரிசை, இடது பக்கம், ஒரு ஓட்டை. கீழே எல்லாப் பல்லும் இருந்தன. வரிசையாக. ஒரே அளவில்.

அலமாரிக்குப் பின்னால் தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா." சுவருக்குள்ளிருந்து. மெல்ல. "கதவக் காணோம்மா."

அவள் பேனாவைத் தேடினாள். தரையில் கிடந்தது. எடுத்தாள். கீழ்வரிசையில், என்று எழுத நோட்டின்மேல் கை வைத்தாள். மடியில் இருந்தவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எழுதாதம்மா."

"விடு."

"எழுதினா நான் எங்க போவேன்?"

கேட்ட குரலில் பொய் இல்லை. பயந்த குழந்தையின் குரல். இழுத்தாள். கை வரவில்லை. இரண்டாவது தடவை இழுத்தாள். அந்தச் சின்ன விரல்களுக்குள் எலும்பு நெரிந்தது. பேனா நழுவி உருண்டது.

"என்னம்மா அங்க சத்தம்?" என்றார் வீட்டுக்காரர். "பொடிசுகிட்ட போனக் குடு."

அது மறுகையால் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டது. "அப்பா, எப்பப்பா வருவீங்க?" என்றது. பொடிசின் குரல், பொடிசின் செல்லம், கொஞ்சமும் பிசகில்லை. அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். அதுவும் ஏதோ சொன்னது. அவர் சிரிப்பது கேட்டது.

அலமாரிக்குப் பின்னால் ஒரு தட்டு. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று.

மணிக்கட்டை அது விடவில்லை.