பிரிக்காத பதினாறு பக்கங்கள்

ஞாயிறு மாலை 4.05.

வாசகசாலை அலமாரியைத் திறந்த தையல்காரர் வெறும் துணிப்பையைத்தான் வெளியே எடுத்தார். உள்ளே புத்தகம் இல்லை.

"ஐயோ, போச்சே! வேற பிரதி எங்கேயும் இருக்கோ இல்லையோ!"

அந்த அறைச் சாவி நான்கு பேரிடம்தான் உண்டு: தையல்காரர், பேராசிரியர், பல் டாக்டரம்மா, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மா. ஞாயிறுதோறும் கூடி, உலகம் மறந்துபோன எழுத்தாளர்களைப் பற்றிப் பேசுவார்கள். பேசுவார்கள் என்று சொல்வதுகூடப் பெயருக்குத்தான். பத்து வருஷமாகப் பேராசிரியர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

போன வாரம் தையல்காரர் வாயைத் திறந்தார். பழைய பேப்பர் கடையில் ஒரு புத்தகம் கிடைத்ததாம்; ஒரே ஒரு நாவல் எழுதிவிட்டுப் போன யாரோ ஒரு பெண்மணி. கலங்கரை விளக்கத்தைக் காக்கும் ஒருத்தியின் கதை. அவர் சொல்லச் சொல்ல எல்லார் காபியும் ஆறிப்போனது. இன்ஸ்பெக்டரம்மாவுக்கே வயிறு எரிந்தது. 'நானும் அந்தக் கடைக்குத்தானே போறேன், என் கண்ணுல ஏன் படலை?' பேராசிரியர் மட்டும், "இப்படி ஒரு பேரையே நான் கேள்விப்பட்டதில்லையே" என்று உதட்டைப் பிதுக்கினார்.

அந்தக் காலத்துப் புத்தகம். ஓரம் வெட்டாமல் தைத்திருந்தார்கள்; ஒட்டியிருக்கும் மடிப்புகளைப் படிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பதினாறு பக்கங்களைத் தையல்காரர் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார்.

"அடுத்த வாரம் எல்லாரும் சேர்ந்து பிரிப்போம். முடிவை நாமதான் முதல்ல பார்க்கப்போறோம்!"

சொல்லிவிட்டுப் பூட்டில்லாத அலமாரியில் வைத்துப் போனார். இன்று கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக் கொண்டுவந்திருந்தார், பாவம்.

4.15. இன்ஸ்பெக்டரம்மா நோட்டைத் திறந்தார்.

"டாக்டர், நீங்க?"

"செவ்வாய்க்கிழமை வந்தேன். முதல் அத்தியாயம் முடிக்கறதுக்குள்ள கிளினிக்ல இருந்து போன். அப்படியே வெச்சுட்டு ஓடினேன்."

"சார், நீங்க?"

"புதன்கிழமை. பேப்பர் பார்த்தேன், போனேன்."

"புத்தகத்தைத் தொட்டீங்களா?"

"நான் ஏம்மா தொடப்போறேன்? ஆளாளுக்குத் தலையில தூக்கி வெச்சு ஆடுற அளவுக்கு அதுல என்ன இருக்கு? இருபது வருஷம் காத்த விளக்கைத் தன் கையாலயே அணைச்சுட்டுப் படகேறிப் போயிடறா. இதெல்லாம் ஒரு முடிவா?"

இன்ஸ்பெக்டரம்மா நோட்டை மூடினார்.

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? பையைத் திறங்க, சார்."

"என்னம்மா உளர்றீங்க?"

"போன வாரம் பேரே தெரியாதுன்னீங்க. புத்தகத்துக்குச் சொந்தக்காரரே முடிவைப் படிக்கலை. மடிப்பைப் பிரிக்காம அந்தப் படகு உங்க கண்ணுல எப்படிப் பட்டுச்சு?"

பேராசிரியர் முகம் வெளுத்தது. பையிலிருந்து புத்தகம் வந்தது. கடைசிப் பக்கங்கள் சீராகப் பிரிக்கப்பட்டிருந்தன.

"பத்து வருஷம் நான் சொல்லித்தான் கேட்டீங்க. போன வாரம் ஒருத்தராவது என் பக்கம் திரும்பினீங்களா? பொறுக்க முடியலைம்மா."

"எனக்கும்தான் எரிஞ்சுது, சார். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்."

தையல்காரர் திட்டுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் பிரிந்த ஓரத்தை விரலால் தடவினார்.

"நல்லா இருந்துச்சா?"

"ரெண்டு தடவை படிச்சேன். அழுதுட்டேன்."

தையல்காரர் கத்தரிக்கோலை உறைக்குள் போட்டார். போன வாரம் பேராசிரியர் முகத்தில் இருந்த பொறாமையெல்லாம் இப்போது அவர் முகத்தில் இருந்தது.

"முதல்ல நீங்க படிச்சுட்டீங்களே, சார்" என்றார்.