தட்டைக்கால் எந்தப் பக்கம்?

ரேடியோக் கடை ஆதிநாராயணன் மேஜைக்கு அடியில் கிடந்தார்.

கழுத்தில் ஒயர்!

அந்தக் கடையில் சர்க்யூட் போர்டு வரைகிறவள் ஜோசபின். இப்போது அவள் விலாவில் ஒரு கத்தி.

கத்திக்காரன் தாண்டவராயன். கண்ணமங்கலத்து ஆள். ஜவ்வாது மலைச் சந்தன மரத்தை லாரி லாரியாகக் கீழே இறக்கியவன்.

ஒரு ரிலேயை, கரண்டை விட்டு நிறுத்துகிற குட்டி சுவிட்சை, மேஜையில் வைத்தான். ஐந்து கால். இடது ஓரத்துக் கால் மட்டும் தட்டை, மற்றவை உருண்டை. கடையில் விற்கிற எந்தப் போர்டிலும் உட்காராத சனியன்! ஒரு மணி நேரத்தில் அதற்கு ஒரு போர்டு வேண்டுமாம். ஆதிநாராயணன் முடியாது என்றாராம்.

"எதுக்குங்க?"

"வெடிக்கு. ரிமோட்ட அமுக்குனா வெடிக்கணும். சாயங்காலம் பிலிப்ராஜ் ரேஞ்சரு ஜீப்புல வெக்கப்போறேன்."

மாதாவே... பிலிப்ராஜ் அவள் புருஷன்! இவனுக்குத் தெரியாது. தெரிந்தால் இங்கேயே அவளை முடித்துவிடுவான்.

செப்புத் தகட்டில் நகப்பாலிஷால் வரைந்தாள்; அது பட்ட இடத்துச் செப்பு மட்டும் அமிலத்தில் கரையாமல் நிற்கும். பயத்தில் மூளை ஓடவில்லை. பழகிய கை சரியாகவே வரைந்து தொலைத்தது! செப்பு இருப்பது போர்டின் அடிப்பக்கம், ரிலே உட்காருவது மேல்பக்கம். போர்டைத் திருப்பினால் இடது வலதாகிவிடும்; அதனால் தட்டைக்காலை ஒட்டவைக்கும் நீளப் பொட்டு வலது ஓரத்தில்.

தாண்டவராயன் ரிலேயைச் செப்பின் மேலேயே வைத்துப் பார்த்தான். முகம் மாறியது.

"இன்னாம்மா இது? தட்டக்காலு இந்தாண்ட கீது, நீ அந்தாண்ட போட்டுக்கிற. என்னியே ஏமாத்தறியா? அழிச்சிட்டு மாத்திப் போடு."

கத்தி ரவிக்கையைக் கிழித்தது.

ஜோசபின் வாயைத் திறந்தாள்... மூடிக்கொண்டாள். ரிமோட்டை அமுக்கினால்தான் தட்டைக்கால் கரண்ட் விடும். எதிர் ஓரத்துக் கால் சும்மாவே விடும். இரண்டும் இடம் மாறினால் ரிமோட்டே வேண்டாம். பேட்டரி மாட்டியதும் வெடிக்கும்!

பேட்டரியை எங்கே மாட்டுவான்? வழியிலா? ஜீப்பிலா? ஜீப்பில் என்றால் அவரும்...

சுவரில் ஆதிநாராயணன் எழுதி மாட்டியிருந்த பலகை அவளைப் பார்த்தது. 'கஸ்டமர் சொன்னால் சொன்னதுதான்.'

மாற்றிப் போட்டாள். எந்தக் காலும் நுழைகிற மாதிரி பெரிய ஓட்டைகள். ஈயத்தைத் தாராளமாக வைத்தாள். தட்டை, உருண்டை எல்லாவற்றையும் அது மூடிவிட்டது.

காரியம் முடிந்ததும் வந்து உன்னையும் முடிக்கிறேன் என்று சொல்லி, அவளைக் கட்டிப்போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனான்.

மூன்று மணி. மூன்றேகால்.

டமார்!

மலையே அதிர்ந்தது. எங்கே? யார்? அழுதாள். ஜெபம் பாதியில் மறந்துபோனது.

அரை மணி கழித்து வாசலில் பூட்ஸ் சத்தம். வந்துவிட்டான்!

கதவு திறந்தது.

பிலிப்ராஜ்!

ஒடுகத்தூர் ரோட்டு வளைவில் ஒரு கார் தூள் தூளாகக் கிடக்கிறது என்றார். அங்கே கிடைத்த போர்டுத் துண்டில் அவளுடைய ரோஸ் நகப்பாலிஷைப் பார்த்துத்தான் ஓடி வந்தாராம். கட்டை அவிழ்ப்பதற்குள் தாண்டவராயன் கேட்ட வெடிப் போர்டைப் பற்றிச் சொன்னாள்.

"தப்பா வரைஞ்சிட்டியா ஜோசபின்?"

அவள் முதலாளியின் பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சரியாத்தாங்க வரைஞ்சேன். கஸ்டமருதான் மாத்தச் சொன்னாரு!"