துளை அடைத்த இரண்டு ரூபாய்

நேற்று அடைத்த துளை இன்று திறந்திருந்தது.

ஹென்னிங் லூடர்ஸ் பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தால் துளை அடைபடுமா என்ன? காசிலிருந்த கைசர் சக்கரவர்த்தியின் தலைக்கவசத்துக் கழுகுக்கு மேலே ஊசிமுனை அளவு வெளிச்சம். ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா, 1894, இரண்டு ரூபாய் வெள்ளி. அவருடைய ஆல்பத்தில் முப்பத்தோரு வருஷமாகக் காலியாக இருந்த ஒரே குழி இதற்குத்தான். நாலரைக்கு ஹாம்பர்க் நாணயச் சங்கத்தார் பார்க்க வருகிறார்கள். துளையிட்ட காசை அவர்கள் காசில் சேர்ப்பதில்லை; துளையை அடைத்து ஏமாற்றியவனை மனுஷனில் சேர்ப்பதில்லை.

தெரிந்துதான் அடைத்தார். வெள்ளிக் கம்பித் துண்டைச் செருகி, தட்டி, அராவி, புது மினுக்கம் காட்டிக்கொடுக்காதபடி அவித்த முட்டையோடு டப்பாவில் மூடிக் கறுக்க வைத்திருந்தார். வீடெல்லாம் முட்டை நாற்றம்.

"உன் காசு வெல்வெட்டுல தூங்குது, முட்டை சாப்பிடுது," என்றாள் மனைவி வீப்கே, கோட்டை மாட்டியபடி. "நான் முப்பது வருஷமா ஸ்பிரிங் போன கட்டில்ல கிடக்கேன், ஹென்னிங். ரூபாயா பொறந்திருக்கலாம்."

வரப்போகிறவர்களுக்குக் கேக் வாங்க அவள் போன பிறகு, நவம்பர் மாலை ஜன்னலில் கறுத்து இறங்க, முட்டை வாடை மெல்ல விலகி, அதன் அடியிலிருந்து விறகுப் புகையும் தேங்காயெண்ணெயும், பிறகு பால் கக்கிய கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் ஊறும் அந்தப் புளித்த வாசனையும் எழுந்து வந்தன. பிள்ளை பெறாத வீடு அது.

காசு சூடாக இருந்தது. உடம்புச் சூடு.

சந்தையில் இதை விற்ற பெண் அன்றைக்கு ஏதோ சொல்லியிருந்தாள். "எங்க தாத்தா ஆப்பிரிக்காவுல சிப்பாயா இருந்தாரு. ஒரு குழந்தை கழுத்துல இருந்து அறுத்ததாம்." ஹென்னிங் அப்போது கேட்டது ஒரே கேள்வி: "எந்த வருஷம்?"

அலமாரிக்குள் ஏதோ கலகலத்தது. நடக்கப் பழகும் குழந்தையின் இடுப்பில் சலங்கை போல. நின்றது. மறுபடி கலகலத்தது.

ஆல்பத்தைத் திறந்தார். முதல் பக்கத்துக் காசுகளில் துளை. அடுத்த பக்கத்திலும். கடைசிப் பக்கம் வரை, ஒவ்வொரு கைசரின் தலைக்கு மேலும் துளை.

கையிலிருந்த காசைத் தேடினார்.

கையில் இல்லை.

தொண்டைக்குழியில் இருந்தது. சூடாக. துளையில் கோத்த கயிறு ஈரமாக இருந்தது. சின்னக் கயிறு. குழந்தைக் கழுத்துக்கு அளவெடுத்தது.

வாசல் மணி அடித்தது. மணி நாலரை. "வரேன்" என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்று வரவில்லை.

அலமாரிக் கண்ணாடியில் அவருக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்திருந்தாள். அவசரமே இல்லாமல், தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடாத பக்குவத்தோடு, கயிற்றின் இரு முனைகளையும் இழுத்துச் சேர்த்து முடிச்சிட்டுக்கொண்டிருந்தாள்.