எட்டாவது விளக்கு

அக்டோபர் மாதத்தில் டுக்னாட் என்னும் கூட்டு வேலை நாள் வந்துவிட்டால், குடியிருப்பை நிர்வகிக்கும் ஆர்ன்ஃபினுக்குக் கால் தரையில் நிற்காது.

காலை ஒன்பது மணிக்கே குடியிருப்பின் முற்றத்தில் ஆஜராகிவிடுவார். கையில் வேலைப் பட்டியல். சட்டைப் பையில் ஒரு உருண்டை பச்சைக் கயிறு. நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் இறங்கி வந்து ஆளுக்கொரு வேலை செய்ய வேண்டும். இலை கூட்டுவது, வேலிக்குச் சாயம் அடிப்பது, படிக்கட்டைக் கழுவுவது. கூலி கிடையாது. முடிந்ததும் சாசேஜும் வாஃபிளும் உண்டு. டுக்னாட்டுக்கு வராதவரை யாரும் திட்டமாட்டார்கள். மறுநாள் மாடிப்படியில் பார்த்து, "உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம்.

சுன்னிவா பட்டியலில் தன் பெயரைத் தேடினாள். 'எஸ்கில் – இலை கூட்டுதல்' என்று இருந்தது. 'இல்வா – சைக்கிள் கொட்டகை' என்று இருந்தது. கடைசி வரியில், 'மூன்றாம் மாடிப் பெண் – மூட்டை பிடித்தல்.'

மூன்றாம் மாடிப் பெண் அவள்தான். வயது பதினொன்று. ஆகஸ்டில்தான் அம்மாவோடு ஒரு சின்னத் தீவிலிருந்து நார்வேயின் ட்ரோன்ஹைம் நகரத்துக்குக் குடிவந்திருந்தாள். இரண்டு மாதமாகியும் தபால் பெட்டியில் பழைய குடித்தனக்காரரின் பெயரே இருந்தது. கட்டடத்துப் பிள்ளைகள் பார்த்தால் தலையை ஆட்டுவார்கள். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

"ஏய் மூணாவது மாடி!" என்று கத்தினான் எஸ்கில். அவனுக்குப் பன்னிரண்டு வயது. கட்டடத்துப் பிள்ளைகளில் அவன்தான் பெரியவன். "உன் பொட்டி இன்னிக்கு வேல செய்யும்ல? சொதப்பிடாத."

"செய்யும்" என்றாள் சுன்னிவா.

டுக்னாட் முடிந்ததும் அடித்தளத்து அறை இரவு எட்டு மணி வரை பிள்ளைகளுக்கு. ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்து, எல்லோரும் சேர்ந்து ஒரே ஊரைக் கட்டி விளையாடுவார்கள். ஆனால் அந்த அறையின் சுவர்கள் அரை மீட்டர் தடிமன். வைஃபை உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது. போன வருடம் ஐந்து பேரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து, குளிரில் பின்பக்கம் மரத்துப்போய், பாதியிலேயே எழுந்து போனார்களாம். இந்தக் கதையைப் பள்ளிப் பேருந்தில் இல்வா சொன்னபோது சுன்னிவா வாயைத் திறந்தாள்.

"எங்கிட்ட ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கு. எட்டு ஓட்ட. வயர் போட்டு எல்லாரையும் சேத்துடலாம்."

பேருந்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் அவளை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலப் பெட்டி அது. தீவுப் பள்ளியில் இருந்தது. அங்கே மொத்தம் எட்டுப் பிள்ளைகள்; பெட்டியிலும் எட்டுத் துளைகள். கோடையில் அந்தப் பள்ளியை மூடியபோது டீச்சர் அதை அவள் கையில் கொடுத்துவிட்டார். அதை இந்த ஊருக்குத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மதியம் மூட்டை பிடித்து முடித்ததும் சுன்னிவா அறைக்குப் போய் எல்லாவற்றையும் மாட்டினாள். சுவரில் இருந்த இன்டர்நெட் துளையிலிருந்து ஒரு வயர் பெட்டிக்கு. பெட்டியிலிருந்து ஐந்து வயர்கள் ஐந்து லேப்டாப்புகளுக்கு. கடைசியாக, ஆறாவது ஆளான ஹால்வாருக்கு ஒன்று. அவன் கால்பந்துப் பயிற்சி முடிந்து தாமதமாகத்தான் வருவான். அதனால் வயரின் ஒரு முனையைப் பெட்டியில் மாட்டி, மறுமுனையை அவன் நாற்காலிப் பக்கம் தொங்கவிட்டாள். எட்டாவது துளை காலி.

மின்சாரம் கொடுத்ததும் ஆறு பச்சை விளக்குகள் எரிந்தன. சுவருக்கு ஒன்று, லேப்டாப்புகளுக்கு ஐந்து. சேதி போகும்போதும் வரும்போதும் மட்டும் கண்ணைச் சிமிட்டின.

"அட, வேல செய்யுதே!" என்றாள் இல்வா. "வா, வாஃபிள் ஆறிடும்."

எல்லோரும் மேலே ஓடினார்கள். சுன்னிவா வாஃபிளின் மேல் பழுப்புச் சீஸை இரண்டு அடுக்கு வைத்துத் தின்றாள். இல்வா நகர்ந்து அவளுக்கு பெஞ்சில் இடம் கொடுத்தாள். வாஃபிள் அன்றைக்கு அப்படி ருசித்தது.

திரும்பி வந்து பார்த்தால், அறை கண்ணாடி மாதிரி பளபளத்தது. தரை துடைத்திருந்தது. நாற்காலிகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. ஆர்ன்ஃபின் கதவோரம் காப்பிக் குவளையோடு நின்று, தன் வேலையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார்.

"தரையில சாப்பாடு போட்டே சாப்பிடலாம்" என்றார் பெருமையாக.

பிள்ளைகள் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தார்கள். திறந்ததும் எல்லாம் அப்படியே நின்றுபோனது.

"என் ஆளு சுவத்துல மாட்டிக்கிட்டான்!"

"எனக்கு ஊரே காணோம்!"

"எனக்கு ஒண்ணுமே வரல. சுத்திக்கிட்டே இருக்கு."

சுன்னிவா பெட்டியைப் பார்த்தாள். விளக்குகள் எல்லாம் ஒன்றாக, வெறிபிடித்தது போல, நிறுத்தாமல் படபடத்தன. அவள் மின்சாரத்தைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி, மறுபடி கொடுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி அதே படபடப்பு. எஸ்கிலின் வயரை மாற்றிப் பார்த்தாள். ஊஹூம்.

"பழசு. செத்துப்போச்சு" என்றான் எஸ்கில். "முத்தத்துல குப்பத் தொட்டி நிக்குதுல்ல, ஆறு மணிக்கு லாரி வந்துடும். அதுல போட்டுடு. நாம எங்க வீட்டுக்குப் போலாம். வைஃபை சும்மா பறக்கும்."

"உங்க வீட்ல எத்தன பேரு உக்காரலாம்?" என்று கேட்டாள் இல்வா.

எஸ்கில் தலையைச் சொறிந்தான். "நாலு பேரு. அதுக்கு மேல அம்மா விடமாட்டாங்க."

அந்த நான்கில் யார் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இரண்டு பேர் லேப்டாப்பை மூடத் தொடங்கினார்கள்.

சுன்னிவா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பெட்டி போனால் தீவுப் பள்ளியின் மிச்சமாக அவளிடம் இருந்த ஒரே சாமானும் போகும். பெஞ்சில் கிடைத்த இடமும் போகும். திங்கட்கிழமை மறுபடி மூன்றாம் மாடிப் பெண்தான்.

"அஞ்சே நிமிஷம் குடுங்க" என்றாள்.

"சரி, அஞ்சு" என்றான் எஸ்கில். அவன் கெட்டவன் இல்லை. அவசரக்காரன், அவ்வளவுதான்.

சுன்னிவா பெட்டியின் முன் முட்டி போட்டு உட்கார்ந்தாள். டீச்சர் சொல்வார்: "பயந்தா கை ஓடும், எண்ணினா மூள ஓடும்." சரி, எண்ணுவோம். சுவருக்கு ஒன்று. லேப்டாப்புக்கு ஐந்து. ஆறு விளக்கு எரிய வேண்டும். ஹால்வார் இன்னும் வரவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு... எட்டு.

மறுபடி எண்ணினாள். எட்டேதான்.

"ஆறு பேரு இருக்கிற வீட்ல எட்டுத் தட்டு எப்பிடி வந்துச்சு?" என்று முணுமுணுத்தாள்.

ஏழாவது துளையிலிருந்து போகும் வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனாள். மேசைக்கு அடியில் போனது. அங்கே அழகாகச் சுருட்டப்பட்டிருந்தது. சுருளின் நடுவில் பச்சைக் கயிற்றில் ஒரு முடிச்சு. அங்கிருந்து மேலே ஏறி, நேராகப் பெட்டிக்கே வந்து, எட்டாவது துளைக்குள் தலையை நுழைத்திருந்தது.

வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில்!

அந்த முடிச்சு அவளுக்கு நன்றாகத் தெரியும். இரட்டைச் சுற்று, ஓரத்தில் சின்னக் காது. காலையிலிருந்து பதினேழு இலை மூட்டைகளில் ஆர்ன்ஃபின் அதே முடிச்சைப் போட, மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றவளாயிற்றே.

எட்டாவது துளையிலிருந்து வயரைப் பிடுங்கினாள். படபடப்பு சட்டென்று அடங்கியது. ஆறு விளக்குகள் நிதானமாகக் கண் சிமிட்டின.

"வந்துருச்சு! ஊரு வந்துருச்சு!" என்று குதித்தாள் இல்வா.

எஸ்கில் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தான். "இந்த வயரு அங்க எப்பிடிப் போச்சு? யாரோ வேணும்னே வெளையாடியிருக்காங்க. எவன்டா அவன்?"

கதவோரத்தில் காப்பிக் குவளை பாதி வழியில் நின்றுவிட்டது. ஆர்ன்ஃபினின் காது நுனிகள் சிவந்திருந்தன.

சுன்னிவா அவரைப் பார்த்தாள். ஒரு பெயரைச் சொன்னால் போதும், பெட்டி மீது விழுந்த பழி மாறிவிடும். ஆனால் அந்த மனிதர் காலையிலிருந்து ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. வயரில் யாருடைய காலும் தடுக்கிவிடக் கூடாது என்று முட்டி போட்டு மேசைக்கு அடியில் புகுந்திருக்கிறார்.

"வேணும்னு யாரும் பண்ணல" என்றாள். "ஒரு முனை தொங்குது, பக்கத்துலயே ஒரு ஓட்ட காலியா இருக்கு. பாத்தா மாட்டத்தான் தோணும். நானும் பண்ணியிருக்கேன். எங்க ஸ்கூல்ல ஒருநாள் பூரா நெட் இல்லாம போச்சு. டீச்சர் கேட்டப்ப, ரொம்ப நேரம் நான் வாயே தொறக்கல."

ஆர்ன்ஃபின் குவளையை ஜன்னலில் வைத்தார்.

"நான் தொறந்துடறேன்" என்றார். "நான்தான் மாட்டினேன். தொங்குற எதப் பாத்தாலும் என் கை சும்மா இருக்காது. 'டிக்'னு உள்ள போச்சு. ஆஹா, சரியா மாட்டிட்டோம்னு நெனச்சேன்!"

எஸ்கில் வாயைப் பிளந்தான். குடியிருப்பின் சட்டதிட்டமெல்லாம் ஆர்ன்ஃபின் எழுதியவை. அவர் தப்புச் செய்து அவன் பார்த்ததே இல்லை.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல" என்று கிட்டே வந்து குனிந்தார் ஆர்ன்ஃபின். "ஒரே ஒரு வயரு. அது போயி எல்லாரையும் எப்பிடி நிறுத்தும்?"

சுன்னிவா கொஞ்சம் யோசித்தாள். "நீங்க எல்லாரோட தபால் பெட்டிலயும் நோட்டீஸ் போடுவீங்கல்ல?"

"நாப்பத்திரண்டு காப்பி. மடிச்சு."

"இந்தப் பொட்டியும் அப்பிடித்தான். எஸ்கிலுக்கு வந்த சேதின்னா எஸ்கில் ஓட்டைல மட்டும் போடும். யாரு எந்த ஓட்டன்னு அது தெரிஞ்சு வெச்சுக்கும். ஆனா சில சேதி 'எல்லாருக்கும்'னு வரும். அத எல்லா ஓட்டைலயும் போடும். இப்ப யோசிச்சுப் பாருங்க. நீங்க போட்ட நோட்டீஸ் உங்க பெட்டிக்கே வருது. நீங்க அத யாரோ அனுப்பின புது நோட்டீஸ்னு நெனச்சுக்கறீங்க."

"நெனச்சு, மறுபடி நாப்பத்திரண்டு காப்பி எடுத்துப் போடுவேன்."

"அதுல ஒண்ணு?"

"என் பெட்டிக்கு வரும்." ஆர்ன்ஃபினின் கண் விரிந்தது. "மறுபடி நாப்பத்திரண்டு! மறுபடி நாப்பத்திரண்டு! ஐயையோ, தபால் பெட்டியே திணறிடும். நெசமான கடுதாசிக்கு எடமே இருக்காதே!"

"அதான் நடந்துச்சு."

"கடவுளே!" என்றாள் இல்வா. "இப்பவே வாரத்துக்கு மூணு நோட்டீஸ் வருது!"

ஆர்ன்ஃபின்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எஸ்கில் சிரித்து முடித்து, சுன்னிவாவுக்கு நேராகத் திரும்பினான்.

"செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன், உன் பொட்டிய. தப்புதான்."

"பரவால்ல. எங்கிட்ட சொன்ன, சரி. பொட்டிகிட்டயும் சொல்லிடு."

எஸ்கில் குனிந்து, நீலப் பெட்டியிடம் மரியாதையாக மன்னிப்புக் கேட்டான். அது ஆறு கண்ணையும் சிமிட்டியது.

ஆர்ன்ஃபின் எங்கேயோ போய், சீட்டு ஒட்டும் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார். மண்வெட்டிக்கும் துடைப்பத்துக்கும் சீட்டு ஒட்டி வைப்பவர் அவர். வயர்களை மட்டும் விடுவாரா? ஒவ்வொரு வயரிலும் பெயர் எழுதி ஒட்டினார். தொங்கும் வயரை எடுத்து, ஆசையை அடக்கிக்கொண்டு, 'ஹால்வாருக்கு. அதுவரை தொங்கட்டும்' என்று எழுதினார். கடைசியில் நீலப் பெட்டிக்கு வந்து பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

"உன் பேரு என்னம்மா? ரெண்டு மாசமா கேக்காம விட்டது என் தப்பு."

"சுன்னிவா."

அவர் பெரிய எழுத்தில் எழுதினார். ஐந்து மணிக்கு ஹால்வார் சேற்றுக் காலோடு ஓடிவந்து, தன் சீட்டைப் படித்து, வயரை மாட்டினான். ஏழாவது விளக்கு எரிந்தது. எட்டு மணிக்கு ஊரில் ஒரு கோட்டையும் இரண்டு பாலமும் எழுந்திருந்தன. பெரிய பாலத்துக்கு இல்வா நீலச் சாயம் அடித்தாள்.

திங்கட்கிழமை காலை சுன்னிவா பள்ளிக்கு இறங்கும்போது தபால் பெட்டிகளின் முன் நின்றுவிட்டாள். பழைய பெயர் போயிருந்தது. புதுத் தகட்டில் அம்மா பெயரும் அதற்குக் கீழே அவள் பெயரும் இருந்தன. பெட்டிக்குள் மடித்த நோட்டீஸ் ஒன்று.

'அனைத்து வீட்டாருக்கும்: அடித்தளத்தில் தொங்கும் வயரை யாரும் எதிலும் மாட்ட வேண்டாம். முக்கியமாக ஆர்ன்ஃபின்.'

அடியில் பேனாவால் ஒரு வரி: 'சுன்னிவா, பயப்படாதே. மொத்தம் நாற்பத்தொரு காப்பிதான் எடுத்தேன். என் பெட்டியில் போடவில்லை.'