ஐம்பது எண்ணினால் போதும்

ரிப்போர்ட் அச்சான நேரம் பிற்பகல் 3:42. பியூலா முதலில் பார்த்தது அதைத்தான். மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டபாடில்லை. காலில் அடிபடாமலே கன்றிப்போன தடங்கள். கடைசியில், தான் வேலை பார்க்கும் பாளையங்கோட்டை ஆய்வகத்திலேயே ரத்தம் கொடுத்திருந்தாள். வெள்ளையணுக்களின் வகைக்கணக்கு: 62, 30, 4, 4. எல்லாம் இயல்பு என்று கீழே பச்சை முத்திரை.

நான்கும் இரட்டைப்படை. அவள் அச்சான நேரத்தை மறுபடி பார்த்தாள்.

ஸ்லைடில் நூறு வெள்ளையணுக்களைப் பார்த்து வகைக்கு எத்தனை என்று எண்ண வேண்டும். அது பாடப்புத்தக விதி. தினம் நூற்றைம்பது ஸ்லைடு பார்த்தவர்களுக்கு எழுதாத விதி ஒன்று இருந்தது. மூன்று மணிக்கு மேல் கண் எரியும். அப்போது ஐம்பது எண்ணு, இரண்டால் பெருக்கு. பெருக்கினால் ஒற்றைப்படை எங்கிருந்து வரும்? பியூலாவும் பெருக்கியவள்தான். செய்யாத ஆளைக் காட்டுங்கள், பார்ப்போம்.

நான்கு வருடங்களுக்கு முன் கைவழிப்பொறி வந்தது. நல்ல ஊழியர் ஒருவரின் கையையும் கண்ணையும் பார்த்து அப்படியே பழகிக்கொள்ளும் பொறி. அதற்குக் கற்றுக்கொடுக்கப் பியூலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் கைகளில் பதிவுறை, நெற்றியில் விழிப்பதிவி. முடிவில் பொன்னாடை போர்த்தினார்கள். இன்று இருநூற்றுப் பன்னிரண்டு ஆய்வகங்களில் ஓடுவது அவள் கைதான்.

இந்த ரிப்போர்ட்டைத் தந்த பொறி அவளுடைய பிற்பகல்களையும் சேர்த்தே பழகியிருக்கிறது.

பயிற்சி அறையில் பழைய நுண்ணோக்கி ஒன்று மிச்சமிருந்தது. அங்கே கடைசி மாதப் பயிற்சியில் இருந்த ரிஃபானாவிடம், யாருடையது என்று சொல்லாமல் தன் ஸ்லைடைக் கொடுத்தாள்.

"கையால எண்ணிப் பாரும்மா."

ரிஃபானா கடகடவென்று எண்ணினாள். சட்டென்று நிமிர்ந்தாள். "நார்மல்தான்க்கா."

"அம்பதுலயே நிறுத்திட்டியே?"

"மணி நாலாகுதேக்கா. மூணு மணிக்கு மேல அம்பதுதான."

"யாரு சொன்னா?"

"பொறிதான் சொல்லிக்குடுத்துச்சு. மொத மாசம் நான் நூறு எண்ணுனேன், மார்க்கக் கொறச்சிடுச்சு."

பியூலாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. யார்மேல் கோபப்படுவது? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தானே எண்ணத் தொடங்கினாள். ஐம்பது வந்ததும் விரல் பழக்கத்தில் தானாக நின்றது. வலுக்கட்டாயமாக மேலே போனாள். அறுபத்தெட்டாவதில் அது தெரிந்தது. எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரவே கூடாத, முதிராத அணு; ரத்தப் புற்றுநோயின் அறிகுறி. தொண்ணூற்றொன்றில் இன்னொன்று.

"இங்க வந்து பாரு."

ரிஃபானா குனிந்து பார்த்தாள். "யாரோடதுக்கா இது?"

"என்னோடதுதான்."

அந்தப் பெண் அழத் தொடங்கினாள். பியூலாவுக்கு அழுகை வரவில்லை. நான்கு வருடப் பிற்பகல்கள், எத்தனை பச்சை முத்திரை என்றுதான் மனம் ஓடியது. பயமாக இருந்தது. தன்னைப் பற்றிய பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாளைக்கு நேரம் வாங்கினாள். பிறகு பொறியின் முன் போய் நின்று பிழையைப் பதிந்தாள். திரையில் பதில் வந்தது: "பிழை இல்லை. இது ஆசிரியர் பியூலாவின் முறை. மாற்ற வேண்டுமானால் ஆசிரியரே மீண்டும் பதிவுறை அணிய வேண்டும். பிற்பகல் பயிற்சி, ஆறு மாதம்."

ஆறு மாதம் தனக்கு இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. கண் எரிந்தது. பதிவுறையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ரிஃபானா, கண்ணத் தொடச்சிக்க. இன்னைக்கு மத்தியானத்து ஸ்லைடு எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

முதல் ஸ்லைடில் ஐம்பதாவது அணுவைத் தாண்டியதும் பொறி அந்த ஸ்லைடை மெல்ல நகர்த்திவிட்டு அடுத்ததை நீட்டியது. அவளிடம் கற்ற பழக்கம் அது. பியூலா பழையதையே திரும்ப இழுத்து வைத்துக்கொண்டு எண்ணினாள்.