பொதுச்சுவர்

ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வேப்பூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன். "யாரு கூப்ட்டாலும் ஆளப் பாக்காம கொரல் குடுக்காத" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். பூட்டைத் திறந்தேன். என் மகள் தென்றல்தான் முதலில் உள்ளே ஓடினாள்.

விருத்தாசலம் ஜங்ஷனை ஒட்டிய பழைய தெரு எங்களுடையது. முகப்பில் சுதை மயில்கள், அவற்றின் நடுவே 1914 என்று ஆண்டு, உள்ளே தேக்குத் தூண்கள் சுற்றி நிற்கும் முற்றம். வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு" என்பார்கள்.

என் வீட்டுக்காரர் பஞ்சநாதன் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தார். திடீரென்று நெஞ்சுவலி. போன நேரம் ஆகாத நட்சத்திரம். அப்படிப் போனவரை வாசல் வழியாக எடுத்தால், அதே வழியில் திரும்பி வந்து இன்னொருவரையும் கூட்டிப்போவார் என்பார்கள். சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். எங்களுக்குத் தனிச்சுவர் ஏது? அப்போது காலியாகக் கிடந்த பக்கத்து வீட்டுக்குள் போகப் பொதுச்சுவரை இடித்து, அந்த வீட்டு வாசல் வழியாகத் தூக்கிப்போனார்கள். அன்றைக்கே கொத்தனார் பக்கிரி ஓட்டையை அடைத்துப் பூசினார். வீட்டை ஆறு மாதம் பூட்டிவிட்டு நானும் பிள்ளையும் வேப்பூரில் அம்மா வீட்டுக்குப் போனதுவரை எல்லாம் முறைப்படி நடந்தது. நான் மட்டும் அழவில்லை. அதற்குப் பிறகும் அழுகை வரவில்லை, மரத்துப்போயிருந்தேன்.

இப்போது பக்கத்து வீட்டில் பானுமதி என்ற பெண் குடிவந்திருந்தாள். டீ கொண்டுவந்து கொடுத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, பொழுது சாஞ்சா எங்க வூட்டு வாசல்ல யாரோ செருப்பு கழட்டுற சத்தம் கேக்குது. எட்டிப் பாத்தா ஆளில்ல. அப்புறம் அந்தப் புதுசா பூசுன செவுத்துகிட்ட ஈர மண்ணு வாசன வருது."

"பழைய வூடுங்க. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

சாயங்காலம் தென்றல் அவள் வீட்டில் விளையாடிவிட்டு வந்தாள். தலைமுடியில் வெள்ளை மண். ஐந்து விரல் தடம்.

வேலை முடிந்து வந்ததும் பீங்கான் மண் படிந்த கையைக்கூடக் கழுவாமல் அவர் பிள்ளையின் தலையைத் தடவுவார். நான் தினமும் திட்டுவேன்.

"யாருடி தடவுனது?"

"அப்பாதாம்மா. அந்தப் பக்கம் நிக்கிறாரு. நம்ம வூட்டுக்கு வழி தெரியலயாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குச் சுவரை அடைத்துவிட்டோம். பிள்ளைக்கு வாசல் திறந்துதான் கிடக்கிறது.

ஓடிப்போய் வாசற்கதவைத் தாழிட்டேன். தென்றலை மடியில் இழுத்துப் போட்டு வாயைப் பொத்தினேன். முற்றத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

பூசிய இடத்தில் தட்டும் சத்தம்.

மெதுவாகத்தான்.

மறுபடியும்.

அவர் தட்டுகிற மாதிரியேதான் இருந்தது. ஆறு மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. கண்ணீர் தென்றலின் தலையில் விழுந்து வெள்ளை மண்ணைக் கரைத்தது.

"தோ வரேங்க."

தினமும் அவர் வேலையிலிருந்து வந்து கதவைத் தட்டும்போது உள்ளேயிருந்து சொல்கிற அதே வார்த்தை. தென்றலின் வாயை நான் பொத்தித்தான் இருந்தேன்.

என் குரல்தான் அது.

தட்டல் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் நடை கேட்டது, பிறகு செருப்பு மாட்டும் சத்தம்.

அதன்பிறகு எங்கள் வாசற்கதவைத் தட்டினார்.